சுங்கானுக்குள் டார்ச் அடித்தவர்

எங்கள் கம்பெனியில் அவருக்கு கேஜ் சார் என்று பெயர். கேஜ் என்றால் கனமும் துளையும் அளக்கிற கருவி. பெயரை வைத்தது யார் என்று தெரியாது. நான் சேரும்போதே அந்தப் பெயர் இருந்தது. பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் இரும்பு உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலை அது. செய்து முடித்த சாமானை அளந்து பார்த்து, சரியென்றால் பச்சை ஸ்டிக்கர், தப்பென்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் பிரிவின் வேலை. அவர் தலைவர். அவருக்குக் கீழே இருந்த நாலு பேரில் நான் ஒருத்தி. கல்பாத்திக்காரர், ஒல்லி, நெற்றியில் சின்னதாகச் சந்தனம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனா டார்ச், பல் டாக்டர் வாய்க்குள் விட்டுப் பார்ப்பாரே அந்தக் குட்டிக் கண்ணாடி, பழைய இருமல் மாத்திரை டப்பா ஒன்று. டப்பாவுக்குள் ஊசி கனத்திலிருந்து சுண்டுவிரல் கனம் வரைக்கும் டிரில் பிட்டுகள் வரிசையாகப் படுத்திருக்கும்.

இதெல்லாம் கம்பெனி வேலைக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். அவருடைய ஞாயிற்றுக்கிழமைக்காம்.

மனுஷன் சுங்கானைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சுங்கான் என்றால் புகை பிடிக்கிற பைப். மண், மரம், கல், பித்தளை, மூங்கில், சுரைக்குடுக்கை, மக்காச்சோளத் தக்கை என்று உலகத்தில் எதையெல்லாம் குடைந்து மனிதன் புகையிலை அடைத்தானோ அத்தனையின் சரித்திரமும் அவருக்கு வேண்டும். இத்தனைக்கும் வாழ்நாளில் ஒரு பீடி பிடித்தவர் இல்லை. பக்கத்தில் யாராவது பற்ற வைத்தால் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுவார். கேன்டீனில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

"ஏனுங்க சார், ஒரு தடவ கூட இழுத்துப் பாக்காம இதுல என்னத்தக் கண்டுபுடிக்கறீங்க?" என்று ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"ஒரு சாதனத்தை மனுஷன் ஒரு நாளைக்கு எத்தனை வாட்டி வாய்ல வெச்சுக்கறான், கேட்டேளா? அதுல அவன் கொஞ்சமாவது ஒட்டிண்டு இருக்க மாட்டானா? அதைப் பாக்கறதாக்கும்" என்றார். கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி முதல் முதலாளி வரை எல்லோரோடும் அவருக்கு இந்த 'ஏள்' மரியாதைதான்.

அவரிடம் ஒரு சுங்கான்கூடக் கிடையாது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆராய்ச்சிக்காரர் வீட்டில் அலமாரி நிறைய இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர் சேர்ப்பதில்லை. இருக்கிற இடத்துக்குப் போவார், அளப்பார், எடை போடுவார், படம் வரைவார், உடையவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். நோட்டில் ஒவ்வொரு சுங்கானுக்கும் ஒரு பக்கம். என்ன பொருள், எத்தனை கனம், துளை எந்த பிட்டுக்குச் சரியாக இருக்கிறது. கடைசி வரி, வலித்தவர், அதாவது அதில் புகை இழுத்தவர், யார். நிச்சயமாகத் தெரிந்தால் ஒழிய அந்த வரியை எழுத மாட்டார். "இருக்கும்", "இருக்கலாம்" என்பதெல்லாம் அவர் நோட்டில் கிடையாது. பாதிப் பக்கங்களில் அந்த வரி காலியாகத்தான் கிடந்தது.

ஒரு தடவை கம்பெனியில் மூணாறு டூர் கூட்டிப் போனார்கள். எல்லோரும் படகில் ஏறப் போனபோது இவர் மட்டும் பக்கத்தில் பள்ளிவாசல் என்கிற எஸ்டேட்டுக்கு ஆட்டோ பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் படகென்றாலே தலை சுற்றும். வேடிக்கை பார்க்கலாம் என்று நானும் ஏறிக்கொண்டேன். எஸ்டேட் பங்களாவில் பட்லராக இருந்து ஓய்வு பெற்றவர் வீடு. அவருடைய துரை ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன பைப் ஒன்றைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தார். தேன் நிறத்தில் வழவழவென்று இருந்தது.

"அசல் யானத் தந்தம்லா சார். இந்த லயத்துல எல்லாருக்கும் தெரியும். கேட்டுப் பாருங்க" என்றார் பட்லர்.

இவர் கேட்டது ஒரு பக்கெட் தண்ணீர். வாயில் வைக்கிற நுனியைக் கழற்றிவிட்டு மற்றதைத் தண்ணீரில் விட்டார். பட்லர் பதறிப்போய்க் கையை நீட்டுவதற்குள் அது மேலே மிதந்தது. "தந்தம்னா முங்கிடும். இது கல்லாக்கும். துருக்கி தேசத்துக் கல். புதுசுல வெள்ளையா இருக்கும், புகை ஏற ஏற இந்த நெறம் வரும்" என்றார். பட்லரின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. வயசான மனுஷர், தந்தம் என்று நம்பிக்கொண்டிருந்தால் இவருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அவர் அதோடு விடவில்லை. நுனியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எடது பக்கம் மட்டும் தேஞ்சிருக்கு. உங்க துரை எடது பக்கமாவே கடிச்சுண்டு இருந்தாரோ?"

பட்லர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு, "ஆமா சார்! வலது பக்கம் அவருக்குப் பல்லே கெடையாதுல்லா! முறுக்குக்கூட இந்தப் பக்கமாத்தான் கடிப்பாரு" என்று சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர். நாங்கள் கிளம்பும்வரை துரையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். தந்தம் போன பேச்சையே எடுக்கவில்லை.

கம்பெனியிலும் ஆள் இப்படித்தான். ஓணத்துக்கு முந்தின வாரம் ஒரு லாட் சாமான் முழுக்கத் துளை மயிரிழை பெரிசாகிவிட்டது. லாரி வாசலில் நிற்கிறது. மேனேஜர் வந்து, ஒரே ஒரு ஒப்பு போட்டுக் கொடுங்கள் சார் என்று கெஞ்சினார், கத்தினார். ஒப்பு என்றால் எங்கள் பக்கம் கையெழுத்து. "அளந்தது இதாக்கும். நான் வேற எப்படி எழுதறது?" என்று சொல்லிவிட்டு மோர் சாதத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். மேனேஜரின் முகத்தைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்தேன். என் முறை வரும் என்று அப்போது தெரியாது.

எங்கள் வீடு எலப்புள்ளியில். அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை, கல்யாணத்துக்குப் பிறகும் அவரோடுதான் இருந்தேன். எங்கள் வீட்டில் பாட்டனார் சுங்கான் என்று ஒன்று உண்டு. அப்பாவின் தாத்தா பிடித்தது. கறுப்பு மண் சுங்கான். சாமி அறையில் மூலையில் இருக்கும். தை மாதம் பாட்டனுக்குப் படையல் போடுவோம். கள், கோழிக்குழம்பு, அந்தச் சுங்கானில் ஒரு சிட்டிகைப் புகையிலை. அடைத்து வைப்பதோடு சரி, பற்ற வைப்பதில்லை. குடும்பத்தில் மூத்தவர்தான் அதைத் தொட்டு வைக்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் ஒரு படையலில்தான் சண்டை வந்தது. அந்த வருஷம்தான் என் தாத்தா இறந்துபோய், முறை அப்பாவுக்கு வந்திருந்தது. சித்தப்பா, அதாவது அப்பாவின் ஒரே தம்பி, சுங்கானைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது அது இல்லீங்ளே. நுனியில பல்லுத் தடம் இருக்குமே?" என்றார். சொந்தக்காரர்கள் இருபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். "அதேதான்டா" என்றார் அப்பா. சித்தப்பா மறுபடியும் கேட்டார். அப்பா எரிகிற கற்பூரத்தின் மேல் கையை வைத்துச் சத்தியம் செய்தார்.

அப்புறம் பேசியது நான். "பாகத்துல தோப்பு கெடைக்கலீன்னு பாட்டன் பேர்லயே பொய் சொல்றீங்ளா சித்தப்பா? வெக்கமா இல்ல?" என்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனுஷர். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். இலையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். சீக்கிரமே ஆனைக்கரையில் ஏலக்காய்த் தோட்டம் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு இடுக்கிப் பக்கம் போனார். பதினெட்டு வருஷம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

அப்பாவுக்கு இரண்டாம் தடவை நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தபோது டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார், இனி ஒன்று வந்தால் தாங்காது என்று. சித்தப்பாவுக்குச் சொல்லிவிடலாம் என்றார்கள் சொந்தக்காரர்கள். பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொண்டு வரட்டும் என்றேன். நான் அப்படிப்பட்டவள். அப்போதுதான் கேஜ் சாரின் ஞாபகம் வந்தது. இது பழைய சுங்கான்தான் என்று அவர் எழுதிக் கொடுத்தால் போதும், போட்டோ எடுத்து ஆனைக்கரைக்கு அனுப்பிவிடலாம்.

அப்பாவிடம் சொல்லாமல் சுங்கானைத் துண்டில் சுற்றி கம்பெனிக்கு எடுத்துப் போனேன். சாப்பாட்டு வேளை. கேஜ் சார் இரண்டு கையாலும் வாங்கினார். தண்டில் டிரில் பிட் ஒன்றை விட்டு எடுத்தார். மோந்து பார்த்தார். புகையிலை அடைக்கிற கிண்ணத்துக்குள் டார்ச் அடித்துக் குட்டிக் கண்ணாடியை விட்டார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாரு வலிச்சது?"

"எங்க பாட்டனாருங்க சார். சாகற வரைக்கும் இதுலதான் இழுத்தாரு."

அவர் கண்ணாடியையும் டார்ச்சையும் என்னிடம் நீட்டினார். "நீங்களே பாருங்கோ."

துளைக்குள் பார்த்துத்தான் நானும் சம்பளம் வாங்குகிறேன். வெளியே தாராகக் கறுத்திருந்த சுங்கான், உள்ளே புதுப் பூந்தொட்டி போலச் சிவப்பாக இருந்தது.

"வெளில கரி இருக்கு, உள்ள இல்லை. இதுல இதுவரைக்கும் யாரும் தீ வெச்சதில்லையாக்கும்" என்றார் மெதுவாக.

"அதெல்லாம் வேண்டாமுங்க சார். பழசுன்னு ஒரே ஒரு வரி எழுதி ஒப்பு போட்டுக் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"எழுத மாட்டேன்."

"எங்கப்பா கற்பூரத்து மேல சத்தியம் பண்ணியிருக்காருங்க!"

"அப்பாவை நான் ஒண்ணும் சொல்லலையே. சுங்கானைப் பத்தித்தான் சொன்னேன்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "ஊர்ல இருக்கற எச்சிப் பைப்பையெல்லாம் மோந்து பாத்துக்கிட்டுத் திரியற உங்களுக்கு எங்க பாட்டன் வெவரம் என்னங்க தெரியும்?" என்று கத்தினேன். பிரிவு முழுக்கக் கேட்டது. அவர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் இரண்டு வாரம் நான் அவரோடு பேசவில்லை. எதையாவது கேட்டால் மேஜையில் தள்ளிவிட்டு நகர்ந்தேன்.

மூன்றாவது ஞாயிறு காலையில் எங்கள் வீட்டு வாசலில் குடையோடு நின்றார். கையில் ஒரு சீப்பு நேந்திரம்பழம். "அப்பாவுக்குச் சுகமில்லைன்னு கேட்டேன்" என்றார். வராதீர்கள் என்று சொல்ல முடியுமா? காபி போட்டு, டம்ளரை நங்கென்று வைத்தேன்.

அவர் எங்கள் சுங்கானைப் பற்றி வாயே திறக்கவில்லை. அப்பாதான், சார் என்னமோ பைப் ஆராய்ச்சியாமே என்று ஆரம்பித்தார். இவர் குளிர்நாட்டுக் கதையைச் சொன்னார். அங்கே சத்திரங்களில் வெள்ளை மண் சுங்கான் இருக்குமாம். வருகிறவர்கள் பிடித்துப் பிடித்துக் கறுத்துப்போனால் இரும்புச் சட்டத்தில் அடுக்கி அடுப்பில் சுடுவார்களாம், பழையபடி வெள்ளையாகி வருமாம்.

"அடுப்புல வெச்சா ஒடையாதுங்களா?" என்றார் அப்பா.

"நன்னா காஞ்சிருந்தா ஒடையாது. கழுவிட்டு ஈரத்தோட வெச்சா வெடிச்சுடும்."

அப்பா நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தார். "நெசமாலுமே ஈரந்தானுங்களா? வேற ஆரோட கோவமும் இல்லீங்களா?" என்று கேட்டார்.

அப்புறம் எல்லாம் வந்தது. அந்தச் சுங்கானுக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருந்தார்களாம். "மொத மொதலா படையல் என்ற கைக்கு வருது. சாமி சாமான் இப்புடிக் கரி புடிச்சுக் கெடக்கலாமான்னு, படையலுக்குப் பத்து நாள் முன்னால புளி போட்டு வெளக்கிப்போட்டனுங்க. ஆரும் பாக்கறதுக்குள்ள காயட்டும்னு அடுப்புக் கங்குல வெச்சேன். என்ற மூஞ்சிக்கு நேரா வெடிச்சுருச்சு. பாட்டன் என்னய வேண்டாம்னு சொல்லிப்போட்டாருன்னு நெனச்சனுங்க." துண்டுகளைக் கிணற்றில் போட்டுவிட்டு, மண்பாண்டம் செய்கிற ஒருவரிடம் அதே மாதிரி வாங்கி, விளக்குக் கரியும் விளக்கெண்ணெயும் பூசி வைத்திருக்கிறார். அம்மா போனது, தென்னைகள் பட்டுப்போனது, தன் நெஞ்சுவலி எல்லாமே அந்தக் கோபம்தான் என்று பதினெட்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். சித்தப்பாவைப் பார்த்து வெக்கமா இல்லையா என்று நான் கேட்டது எனக்கே திரும்பக் கேட்டது.

வேறு யாராக இருந்தாலும், அதெல்லாம் ஒன்றுமில்லை, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க என்று ஆறுதல் சொல்லியிருப்பார்கள். இவர், "நான் சொன்னா நம்ப வேண்டாம். அகல் விளக்கு இருக்கா ஆத்துல?" என்றார். கார்த்திகைக்கு வாங்கிய புது அகல் ஆறு எடுத்து வந்தேன். மூன்றை வாளித் தண்ணீரில் ஊறப் போட்டார், மூன்றை வெயிலில் வைத்தார். ஒன்று போதாதா என்றேன். "ஒண்ணை வெச்சு எதையும் தீர்மானிக்கப்படாது, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். பின்னால் வெந்நீர் அடுப்பில் கங்கு இருந்தது. அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து தள்ளி உட்கார வைத்தோம்.

ஈர அகலைக் கங்கில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் பட்டென்று ஒரு சத்தம். அப்பா துள்ளி விழுந்தார். இரண்டாவதும் பட்டென்று பிளந்தது. மூன்றாவது சும்மா இருந்தது. காய்ந்தவை மூன்றும் அசையவில்லை. "ஈரமா வெச்சது மூணுல ரெண்டு போச்சு. காஞ்சதுல ஒண்ணும் போகலை" என்றார். மூன்றும் போச்சு என்று சொல்லியிருக்கலாம், அவருக்கு வராது. அதனால்தான் அப்பா நம்பினார் என்று நினைக்கிறேன்.

"அப்ப பாட்டன் கோவிச்சுக்கலீங்க" என்றார் அப்பா. சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை போல அழுதார். அழுது முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "அம்மிணி, ஆனைக்கரைக்குப் போலாம்" என்றார்.

டாக்டர் வேண்டாம் என்றார். அப்பா கேட்கவில்லை. கார் பிடித்து, பொள்ளாச்சி, தேனி, கம்பம் வழியாக நிறுத்தி நிறுத்திப் போனோம். நான் கூப்பிட்டதால் கேஜ் சாரும் வந்தார். சித்தப்பா ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. காரிலிருந்து அப்பா இறங்குவதற்குத் தடுமாறியதைப் பார்த்து ஓடிவந்து பிடித்தார்.

"ஒடச்சது நாந்தான்டா தம்பி" என்றார் அப்பா, நின்ற இடத்திலேயே.

"எனக்குத் தெரியுமுங்ண்ணா. அடுப்புச் சாம்பல அள்ளித் தென்னைக்குக் கொட்டப் போனது நாந்தான். அதுல நுனித்துண்டு கெடந்துச்சு, பல்லுத் தடத்தோட."

"அப்பறம் ஏன்டா அத்தன பேரு முன்னால சொல்லல?"

"நீங்க கற்பூரத்துல கைய வெச்சுட்டீங்க. அதுக்கப்பறம் எப்புடீங்ண்ணா சொல்றது?" என்றார் சித்தப்பா. "உங்கள எல்லாரும் காறித் துப்பறதுக்குப் பதிலா என்னயத் துப்பட்டும்னு உட்டுட்டேன்."

நான் அவர் காலில் விழுந்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. "போச்சாது உடு கண்ணு, எந்திரி, சேறு" என்று தோளைப் பிடித்துத் தூக்கினார். கேஜ் சாரைத் தேடினேன். உள்ளே வரவே இல்லை. காருக்கு அந்தப் பக்கம் நின்று ஏலச்செடியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டதற்கு, "அது உங்க ஆத்துக் காரியமாக்கும்" என்றார்.

திரும்பி வந்து, அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது சார் என்று அவரிடம் சொன்னேன். "எதை?" என்றார். அப்புறம், "அந்த ரெண்டாம் நம்பர் லாட் அளந்தாச்சா?" என்றார். இரண்டு வருஷத்தில் ஓய்வு பெற்று வடக்கே எங்கோ மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போன் நம்பர் மாறிவிட்டது. அவருக்கு நான் நன்றி சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அதற்கும் எதையாவது அளக்கச் சொல்லியிருப்பார்.

அந்தத் தை மாதம் படையலில் அண்ணனும் தம்பியும் ஒரே இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அப்பா அதற்கப்புறம் ஏழு மாதம்தான் இருந்தார். கடைசி வாரம் முழுக்கச் சித்தப்பா கட்டிலை விட்டு அசையவில்லை. நான் ஊட்டினால் வாய் திறக்காத அப்பா, தம்பி கஞ்சியை ஆற்றி வைத்தால் குடித்தார். போகும்போது சித்தப்பாவின் கையைத்தான் பிடித்திருந்தார், பிரித்து எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அன்று நான் கேட்ட அந்த ஒரு வரியை கேஜ் சார் எழுதிக் கொடுத்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன். அப்பா தன் தம்பியின் முகத்தைப் பார்க்காமலே போயிருப்பார்.